மூன்று சுழி

பத்தொன்பது வருடமாய்ப்
பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
எட்மண்டனின் தென்கோடியில் ஜன்னலில்லாத ஒரு கூடம்.
அரிசியளவு பீங்கானைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு,
யாரோ ஒருவர் நாளை கடிக்கப்போகும்
ஆப்பிளுக்காகக் குனிந்தேன்.
குனிந்தது அப்படியே நின்றுவிட்டது.

முதலில் மாலையில் வந்தது வலி.
பிறகு மதியத்தில்.
பிறகு காலையில் என்னை எழுப்புவதே அது என்றானது.
ஏழு தலையணை வாங்கினேன்.
ஒன்றில் கோதுமை உமி,
ஒன்று பிறை வடிவம்,
ஒன்றின் விலையைத் தணிகைவேலிடம் இன்னும் சொல்லவில்லை.
படம் எடுத்துப் பார்த்தார்கள்.
'வயதுக்கேற்ற தேய்மானம்' என்று ஒரே வரி, கீழே கையெழுத்து.
இரண்டரை வருடத்துக்கு
ஒரே வரி.

பிசியோதெரபிக்குப் போனபோது
லரிஸா என் தலையில் ஒரு பட்டையைக் கட்டினாள்.
நெற்றியில் லேசர் விளக்கு.
எதிர்ச் சுவரில் வட்டத்துக்குள் வட்டமாய் ஒரு காகிதம்.
"நடுவில் புள்ளியை வை. கண்ணை மூடு.
வலப்பக்கம் திரும்பு. மறுபடி நேராக வா."
வந்தேன். சத்தியமாக நேராகத்தான் வந்தேன்.
கண்ணைத் திறந்தால்
நடுவைவிட்டு நான்கு விரற்கடை தள்ளி,
காகிதத்தின் ஓரத்தில்
சிவப்பெறும்பு போல உட்கார்ந்திருந்தது புள்ளி.

கடையில், காரில், கல்யாண வீட்டுப் படங்களில்
இத்தனை நாளும்
நான் நேர் என்று நின்ற இடமெல்லாம்
அந்த ஓரம்தானா?

"வலித்தது, அசைக்கவில்லை.
அசைக்கவில்லை, மறந்துவிட்டது" என்றாள்.
உடைந்தது என்று அவள் சொல்லவேயில்லை.
அன்று பேருந்து நிறுத்தத்தில்
அதற்காகவே கொஞ்சம் அழுதேன். இமையில் உறைந்தது.

வீட்டுப் பாடம்:
மல்லாந்து படுத்து, மிகச் சின்னதாய் ஓர் 'ஆமாம்'.
முகவாய் உள்ளே, பத்து எண்ணும்வரை.
எனக்குப் பழக்கமில்லாத ஆமாம் அது.
என் ஆமாம் பக்கவாட்டில் ஆடும்.
லரிஸா குழம்பினாள்: "இது சரியா, இல்லையா?"
"ஆளைப் பொறுத்தது" என்றேன்.

கீழ்த்தளச் சுவரில் புள்ளியை நடத்தப் பழகினேன்.
கோடு, பிறகு எட்டு.
எட்டு அலுத்துப்போய் எழுத்துக்கு மாறினேன்.
ட எளிது. இறங்கு, வலப்பக்கம் போ, முடிந்தது.
ப-வும் வந்துவிட்டது.
இரண்டு சுழி ன-வுக்கு மூன்று வாரம்.
மூன்று சுழி ண-வில் தலை சுற்றிச்
சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
இ இன்றுவரை ஒழுங்காக மூடியதில்லை.

கதவுப்பிடியில் ரப்பர் பட்டை கட்டி இழுத்தேன்.
ஒரு கிலோ இரண்டானது, இரண்டு நான்கானது.
தோள் எலும்பு என்று ஒன்று
முதுகில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி, கழித்தல் முப்பத்தொன்று.
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு
மூன்று நாள் மரக்கட்டையாய்க் கிடந்தேன்.
எல்லாம் போச்சு என்று தொலைபேசியில் சொன்னேன்.
லரிஸா பதறவில்லை, பரிதாபப்படவுமில்லை.
"பாதியாக்கு. நிறுத்தாதே."
பாதி ட போட்டேன்.

இப்போது கூடத்தில் அரைமணிக்கொரு தரம் எழுந்து
விளக்கில்லாமல் வெறுஞ்சுவரில் எழுதுகிறேன்.
"ஈயா?" என்று கேட்டான் பக்கத்து மேசை டெஸ்மண்ட்.
"ஆமாம்" என்று ஆட்டினேன், என் வழியில்.
வியாழக்கிழமைகளில் இன்னும் வலிக்கிறது.
அன்று பல் அதிகம்.

ஏப்ரலில் ஒரு மாலை,
உருகிய சேற்றில் காரைப் பின்னால் எடுக்கையில்
கேமராத் திரையை மறந்துபோய்த்
திரும்பினேன். கழுத்து வந்தது,
தோளைத் தாண்டி, பின் இருக்கைவரை.

அங்கே, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில்,
ஜனவரியில் தொலைந்த இடக்கைக் கையுறை.
வலக்கையை
போன வாரம்தான் குப்பையில் போட்டேன்.